ரத்தம் எடுக்கும் தாண்டவராயன்

“பச்சத் தண்ணியா, காப்பித் தண்ணியா?”

இதற்குப் பதில் வந்த பிறகுதான் தாண்டவராயன் செருப்பைக் கழற்றுவார். காப்பி என்று சொல்லிவிட்டால் வாசலோடு திரும்பிவிடுவார். “நாளைக்கி வர்றேன் சார். பொய் ரத்தத்த எடுத்துகினு போயி என்னா பண்றது?” என்பார். நானும் ஒருமுறை அரை டம்ளர் குடித்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் என்று சொல்லிப் பார்த்தேன். என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தார். மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கடலூர் செம்மண்டலத்தில் காலை ஆறு மணிக்கு அந்த மொபெட் சத்தம் கேட்டால் தெருவில் யார் வீட்டிலோ சர்க்கரை என்று அர்த்தம். முன்னால் ஐஸ் போட்ட பிளாஸ்டிக் பெட்டி. தோளில் ஒரு ரெக்சின் பை. எங்கள் பகுதியில் உள்ள ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருஷமாக வேலை. நடக்க முடியாதவர்களுக்கும் நடக்கச் சோம்பல்படும் என்னைப் போன்றவர்களுக்கும் அவரே வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போவார். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ரத்தக்காரர்’. அதைக் கேட்டால் அவருக்குக் கோபம் வராது. “கறிக்கடக்காரரு, பூக்கடக்காரருன்னு சொல்றதில்லியா? அந்த மாதிரிதான்” என்பார்.

ஊசி குத்தும்போது கையைப் பார்க்க விடமாட்டார். “சொவத்துல காலண்டர் இருக்குதே, அதுல ராகுகாலம் எத்தினி மணிக்குன்னு படிங்க.” நாம் படித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து மடக்கிவிடுவார். பிறகு குழாயில் பெயர் எழுதுவார். எண் மட்டும் போதும் என்பது நிலையத்து வழக்கம். இவர் முழுப்பெயரையும் தமிழில், இனிஷியலோடு, தேர்வுத் தாளில் எழுதுகிற மாதிரி எழுதுவார்.

ஆள் ஒல்லி. நாற்பத்து நான்கு வயதில் இடுப்பு முப்பது அங்குலம். சட்டைப் பைக்குள் விரலை விட்டால் விலா எலும்பு தட்டும். அந்த உடம்பில் பொருந்தாமல் இருப்பவை இரண்டு. ஒன்று, கைவிரல் கணுக்களுக்கு மேல் புடைத்திருக்கும் கெட்டியான கட்டிகள். இன்னொன்று, குதிகாலுக்கு மேலே போகும் நரம்பு. நமக்கெல்லாம் அது ஒரு கயிறு மாதிரி இருக்கும். அவருக்குத் தேர்வடம் மாதிரி இருக்கிறது. கட்டுமரம் தள்ளிய பரம்பரை, அதனால் கால் நரம்பு தடித்துவிட்டது என்றுதான் அவர் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான், அண்ணனுக்கும் அப்படித்தான்.

அப்பா முப்பத்தெட்டு வயதில், தேவனாம்பட்டினத்துக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அண்ணன் சாமிக்கண்ணு சுனாமியில் நாலு பேரைத் தூக்கிக் கரை சேர்த்தவர். அவருக்கு ஒரு கீறல் கிடையாது. ஒன்பது மாதம் கழித்து, தகரக் கொட்டகையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வயது நாற்பத்தொன்று. அலையைப் பார்த்த பயம் உள்ளே தங்கிவிட்டது என்றார்கள். தாண்டவராயனும் அப்போது அப்படித்தான் நம்பினார். அதை இன்றுவரை அவரால் பொறுக்க முடியவில்லை. “ஊர் ஒலகத்து ரத்தத்தையெல்லாம் பாத்தவன் சார் நானு. கூடப் பொறந்தவன் ரத்தத்த ஒரு தடவ பாக்கல. எலும்பும் தோலுமா இருக்கிறவனுக்குக் கொலஸ்ட்ரால் வருமான்னு நெனச்சிட்டேன்.”

அவருக்கும் மனைவி மங்கலத்துக்கும் ஒரே பெண், வித்யா. மங்கலம் அவருக்கு அத்தை மகள். அப்பாவின் கூடப் பிறந்தவளின் மகள். வித்யாவுக்கு ஆறு வயதில் முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சளாகச் சிறு கட்டிகள் வந்தன. பிறகு விரல் இடுக்குகளில். தோல் டாக்டர் ஒருவர் பாலுண்ணி என்று சொல்லி இரண்டைச் சுட்டு எடுத்தார். அவை மறுபடி வளர்ந்தன. பள்ளியில் பிள்ளைகள் ‘புளியங்கொட்டை’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெண் கோடையிலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தது.

2006இல் ஒருநாள் காய்ச்சல் என்று அவளுக்கு ரத்தம் எடுத்தார். மற்றவர்களைப் போல அவள் காலண்டரைப் பார்க்கவில்லை. “நான் ஊசியையே பாக்கறேம்ப்பா” என்று கையை நீட்டினாளாம். மிச்சமிருந்த ரத்தத்தில், சும்மாதான், கொலஸ்ட்ராலும் பார்த்தார். ரத்தத்தைச் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கி மேலே மஞ்சள் நீர் நிற்கும். வேறு வகைக் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு அந்த நீர் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியிருக்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். வித்யாவுடையது எலுமிச்சைச் சாற்றை வடிகட்டியது போலத் தெளிவாக இருந்தது. “அதான் சார் இதோட சூது. திருடன் வெள்ளச் சட்ட போட்டுகினு வருவான்.”

மிஷின் 684 என்று காட்டியது. இருநூறுக்குள் இருக்க வேண்டியது. மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தார். ரசாயனத்தை மாற்றிப் போட்டார். 691. தன் ரத்தத்தைத் தானே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 348. மங்கலத்தை வரவழைத்துப் பார்த்தார். 326. மூன்று குழாய்களையும் வரிசையாக நிறுத்திவிட்டு, மறுநாள் காலை நிலையம் திறக்கிற நேரம் வரை அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தாராம்.

கடலூரில் பார்த்த டாக்டர் மாத்திரை கொடுத்தார். எண்ணெய், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மீன் வறுவல் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் மூன்று பேரும் கஞ்சியும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்து 590. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழு, கொலஸ்ட்ரால் மிகுந்த குடும்பங்களின் ரத்தத்தைச் சேகரிப்பதாகக் கேள்விப்பட்டார். பரம்பரைக் கூறுகளில் என்ன பிசகு, ரத்தத்தில் அதற்கு என்ன அடையாளம் என்று பார்க்கிற ஆராய்ச்சி. பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த நஜியா என்ற பெண் அதில் வேலை பார்த்தாள். தாண்டவராயன் மனைவியையும் மகளையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். அவர்களுடைய குழாய்களில் பெயர் கிடையாது, எண்தான். அவர் கேட்டுப் பார்த்தார். “விதி அப்படிங்க அண்ணே, பேரு எழுதக் கூடாது” என்றாள் நஜியா. இரண்டு வருஷம் அந்தக் குழுவுக்காகக் கடற்கரைக் குப்பங்களில் அவரே ரத்தம் எடுத்துக் கொடுத்தார். சம்பளம் கேட்கவில்லை.

முடிவைச் சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியாகச் சொல்ல அந்த ஆராய்ச்சியில் ஏற்பாடு இல்லை. நஜியா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் செம்மண்டலம் வந்து, அவர் வீட்டில் உட்கார்ந்து சொன்னாள். கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து ஈரலுக்குள் இழுத்துக்கொள்ள ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலைக் கட்டுகிற குறிப்பு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. தாண்டவராயனுக்கு ஒரு பிரதியில் பிழை. மங்கலத்துக்கு ஒரு பிரதியில் அதே இடத்தில் அதே பிழை, ஏனென்றால் இருவருக்கும் அது ஒரே தாத்தாவிடமிருந்து வந்தது. வித்யாவுக்கு இரண்டு பிரதியிலும் பிழை. மாத்திரை வேலை செய்ய ஒரு வாசலாவது வேண்டும்.

“வேற வைத்தியம் இல்லியாம்மா?”

“ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவி உள்ள விடற மிஷின் இருக்குண்ணே. வெளிநாட்டுல வச்சிருக்காங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் செய்யணும், ஆயுசு பூரா.”

“இங்க?”

நஜியா, மங்கலம் கொண்டுவந்து வைத்த டீயைக் குடிக்காமலே எழுந்து, வித்யாவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

“நோயோட பேரு தெரிஞ்சிபோச்சு சார். அவ்ளோதான்” என்று என்னிடம் சொன்னார் தாண்டவராயன். “எங்கப்பா பேரு தெரியாம செத்தாரு. நாங்க பேரு தெரிஞ்சிகினு சாவப்போறோம்.”

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, “எல்லாம் விதி” என்றேன். என் கையிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டே சொன்னார்: “விதி இல்ல சார். பத்தொம்பதாவது குரோமோசோம்.”

வித்யாவுக்குப் பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏற முடியாமல் போனது. சோம்பேறி என்று ஒரு டீச்சர் எழுதி அனுப்பினார். 2009 நவம்பரில் மழைக்குப் பள்ளி விடுமுறை விட்டிருந்தார்கள். மழை வலுத்ததும் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கக் கொல்லைக்கு ஓடினாள். எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவள், “அம்மா, நெஞ்சு பிசையுது” என்று துணிக்கூடை பக்கத்தில் உட்கார்ந்தாள். தாண்டவராயன் அப்போது கூத்தப்பாக்கத்தில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். நனைந்துகொண்டே வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டார் கூடிவிட்டார்கள். பதினோரு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு மொபெட் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தார். பச்சைத் தண்ணீரா என்று கேட்டார். ரத்தம் எடுத்தார். குழாயில் என் பெயரை எழுதப் போனவர், இனிஷியலை மறந்து என்னிடம் கேட்டார்.

அடுத்த வருஷம் நஜியாவின் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. அதில் இவர்கள் குடும்பத்தின் படம் ஒன்று உண்டு. பெயர் இல்லாத படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பிழை ஒன்று என்றால் பாதிக் கறுப்பு, இரண்டு என்றால் முழுக் கறுப்பு, இறந்தவர்கள் மேல் ஒரு சாய்ந்த கோடு. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். எனக்கும் விரித்துக் காட்டினார். “இது நானு, பாதி. இது மங்கலம், பாதி. இது பாப்பா.” முழுக் கறுப்பு வட்டம். படம் வரைந்தபோது வித்யா உயிரோடு இருந்தாள், அதனால் அச்சில் கோடு இல்லை. கோட்டை இவரே போட்டிருந்தார். நீலப் பால்பாயிண்டு பேனாவில், ஸ்கேல் வைத்து, பிசகாமல்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வழக்கம் தொற்றிக்கொண்டது. எதிரில் இருப்பவரின் கண்ணையே உற்றுப் பார்ப்பார். கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிகிறதா, இமையோரம் மஞ்சள் திட்டு இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால், முன்பின் தெரியாதவரானாலும் கிட்டப் போய், “கோவிச்சிக்காதீங்க, ஒரு தடவ கொலஸ்ட்ரால் பாத்துருங்க” என்பார். சிதம்பரம் பஸ்ஸில் ஒரு பெண்ணின் இமையை அப்படிப் பார்த்துக்கொண்டே வந்ததில் அவள் கணவன் கன்னத்தில் அறைந்துவிட்டான். அறை வாங்கிய பிறகும், “அடிச்சது சரிதான் தம்பி. ஆனா அவுங்களுக்கு டெஸ்ட்டு பண்ணிடுங்க” என்று இறங்குகிற வரை சொல்லிக்கொண்டே வந்தாராம்.

குப்பத்தில் சொந்தக்காரர்கள் ஒதுங்க ஆரம்பித்தார்கள். இவர் பையோடு வந்தால் வேலை இருப்பதாகக் கிளம்பிவிடுவார்கள். “ஒம் பொண்ணுக்கு வந்தா எங்களுக்கும் வரணுமா மச்சான்?” என்று ஒருவர் நேராகவே கேட்டார். மொத்தம் ஏழு பேர்தான் கையை நீட்டினார்கள். அதில் நாலு பேருக்கு முந்நூறுக்கு மேல். நாலு பேரும் மாத்திரை வாங்கினார்கள். நெஞ்சு வலிக்கவில்லை, தலை சுற்றவில்லை, எதற்கு மாத்திரை என்று நாலு பேரும் நிறுத்தினார்கள்.

2011 ஆவணியில் சாமிக்கண்ணுவின் மகள் திலகவதியை, தாண்டவராயனின் அக்கா சின்னம்மாளின் மகன் அரசுக்கு நிச்சயம் செய்தார்கள். மாமன் மகள், முறைப்பெண். அரசு செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்தத் தொழிற்சாலையின் வருடாந்திர ரத்தப் பரிசோதனை இவர்கள் நிலையத்துக்குத்தான் வரும். அரசுவின் குழாயில் யாரும் கேட்காத கொலஸ்ட்ராலையும் இவர் பார்த்தார். 318. ரத்தசோகை இருக்கிறதா பார்க்கிறேன் என்று திலகவதியிடமும் எடுத்தார். 304. “கேக்காமப் பாத்தது தப்புதான் சார். ரெண்டு ராத்திரி தூங்கல. ஆனா பாத்துட்டேனே, இப்ப என்னா பண்றது?”

நிச்சயதார்த்தத்தில் நடந்ததை மங்கலம்தான் எனக்குச் சொன்னாள். தட்டு மாற்றப் போகிற நேரத்தில் தாண்டவராயன் எழுந்து நின்றிருக்கிறார். தட்டிலிருந்து நாலு கொட்டைப்பாக்கை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்திருக்கிறார். “ரெண்டு பேருக்கும் இருக்குது. பொறக்கிற நாலுல ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் வரும். எனக்குப் பொறந்தது ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணுக்குத்தான் வந்துச்சி.”

சின்னம்மாள் குனிந்து அந்தப் பாக்குகளைப் பொறுக்கித் தட்டில் போட்டாள்.

“யாருக்குடா கொழுப்பு? எம் புள்ளைக்கா? பொண்ண முழுங்கிட்டு நல்ல காரியத்துல வந்து நிக்கிற பாரு, ஒனக்குத்தான் கொழுப்பு.”

இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். மங்கலம் பின்னாலேயே போனாள். இருவரும் பஸ் ஸ்டாப்பு வரை நடந்தார்கள். அங்கே நின்றபோது மங்கலம் கேட்டிருக்கிறாள், அத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததை: “என்னக் கட்டாம அசல்ல கட்டியிருந்தா வித்யா இருந்திருப்பாளா?”

“வித்யாவே பொறந்திருக்க மாட்டாளே மங்கலம்” என்றாராம்.

மறுநாள் அரசு நிலையத்துக்கே வந்தான். நான் அன்று என் முடிவுத்தாளை வாங்கப் போயிருந்தேன். சண்டை போட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“மாமா, திலகாவ வேற எவனுக்காச்சும் குடுத்தா அவளுக்கு இருக்கிறது போயிடுமா?”

“போவாதுடா. அவளும் மாத்திர போடணும், நீயும் போடணும். ஆனா அசல்ல கட்டுனா புள்ளைக்கு ரெண்டு பக்கமும் வராது.”

“அல வந்தன்னிக்கி அவளத் தோள்ல போட்டுகினு ஓடுனவன் மாமா நானு. அவுங்கப்பா செத்தப்ப, ஒங்கள வுட்டா எனக்கு யாருமில்லன்னு எங்கிட்டதான் அழுதா. இப்பப் போயி நம்பரு சரியில்லன்னு சொல்லவா?”

தாண்டவராயன் மேசைமேல் கிடந்த ரப்பர் பட்டையை விரலில் சுற்றினார், பிரித்தார்.

“நாங்க புள்ள வேணாம்னு இருந்துக்கறோம்” என்றான் அரசு.

“இருப்பீங்களா?”

அவன் ஸ்டூலைப் பின்னால் தள்ளினான். “ஒங்கம்மா இருக்க வுடுவாளா?” என்றார் தாண்டவராயன். அவன் எழுந்து, “பத்திரிக எடுத்துகினு வருவேன். நீங்க கண்டிப்பா வரணும். அம்மா சொன்னத மனசுல வச்சிக்காதீங்க” என்றான். தாண்டவராயன் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் கண் வளையம் தேடவில்லை. அந்த முகத்தில் சாமிக்கண்ணுவின் சாடை இருப்பதாக அவன் போன பிறகு சொன்னார்.

தை மாதம் முகூர்த்தம். ‘தானே’ புயல் அடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வழியெல்லாம் முந்திரி மரங்கள் வேரோடு கிடந்தன. கல்யாண மண்டபத்தின் ஓடு பாதி பறந்துபோய்த் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கரண்ட்டு வரவில்லை, ஜெனரேட்டர் ஓடியது. தனக்குத் துணையாக வரச்சொல்லி என்னையும் கூட்டிப் போயிருந்தார். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். சின்னம்மாள் எங்களைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆனால் கிட்டேயும் வரவில்லை. திலகவதி மணவறையில் உட்காரும் முன் கூட்டத்தில் தேடி, “சித்தப்பா” என்று உதட்டசைத்தாள். இவர் தலையை ஆட்டினார்.

ஒரு பெண்மணி அட்சதைத் தட்டோடு வந்தாள். எல்லோரும் எடுத்துக்கொண்டோம். மேளம் உச்சத்துக்குப் போனது. அரசு தாலி கட்டினான். மண்டபமே எழுந்து நின்று மஞ்சள் அரிசியை வீசியது. நானும் வீசினேன். மங்கலம் கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். தாண்டவராயனின் வலது கை தோள் உயரத்துக்கு எழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது.

பந்தியில் அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள். பொரியல், அப்பளம், இனிப்பு எல்லாம் வந்தது. சோறு விழுந்தது. அவருடைய வலது கை மடியில் மூடியபடி இருந்தது. விரல் சந்துகளில் மஞ்சள் கசிந்திருந்தது.

“சாப்புடுங்க சித்தப்பா” என்றான் சாம்பார் வாளியோடு நின்ற சொந்தக்காரப் பையன்.

தாண்டவராயன் அவனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, அந்தக் கையைத் திறக்காமலே, இடது கையால் இலையை மூடினார்.